எந்தத் தகட்டை நம்புவது?

பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பம் ஒன்றில், சென்ற கோடையில் ஓர் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தோம். வந்த காரியம் வேறு. அது முடிந்து விடைபெற எழுந்தபோது, வீட்டுத் தலைவியாகிய அம்மையார் நம்மைச் சற்று இருக்கச் சொல்லி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கோத்துத் தகரப் பெட்டி ஒன்றை இறக்கி நம் முன் வைத்தார். வாசற்படிக்கு வெளியே வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. பெட்டியைத் திறந்ததும் உப்புக் காற்றும் பழைய காகிதமும் கலந்த ஒரு வாடை எழுந்தது.

உள்ளே இரண்டு வீடியோ கேசட்டுகள் இருந்தன. அவற்றின் கண்ணாடிச் சன்னலுக்குள் நாடாவின்மேல் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. அதன்கீழ்க் காகித உறையில் மூன்று வி.சி.டி. தகடுகள், மகளின் திருமணம். அதற்கும் கீழே ஒரு டி.வி.டி., பேரனின் புதுநன்மை விழா. எல்லாவற்றிற்கும் அடியில் பெருவிரல் அளவில் ஒரு பென் டிரைவ், அது எவருடையது என்று எவர்க்கும் நினைவில்லை. நாற்பது ஆண்டு காலத் தொழில்நுட்ப வரலாறு முழுவதும் அந்த ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கியிருந்தது என்றால் அது மிகையன்று.

“ஐயா, இதுல ரெண்டாவது தட்டுலதான் எங்க வீட்டுக்காரர் பேசுவாரு. போட்டோ நிறைய இருக்கு. ஆனா அவர் குரலு வேற எங்கயும் கிடையாது” என்றார் அம்மையார்.

மகளின் திருமணம் நடந்தது 2006ஆம் ஆண்டில். கணவர் நோயுற்று இறந்தது 2013இல். தகட்டை ஓட்டும் பெட்டி பழுதாகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. நகரத்துக் கடை ஒன்றில் விசாரித்தபோது, “புளூ-ரே பெட்டி ஒன்று வாங்குங்கள், பழைய தட்டும் அதில் ஓடும், படமும் கண்ணாடி போலத் தெரியும்” என்றார்களாம். அவர்கள் சொன்ன விலை, இறால் நன்றாகப் படும் நாள்கள் பலவற்றின் வருவாய். வளைகுடா நாட்டிலிருக்கும் மகனோ தொலைபேசியில், “தட்டே வேண்டாம்மா, அதெல்லாம் முடிஞ்சுபோச்சு” என்கிறான். அம்மையார் நம்மைக் கேட்டார்: “எந்தத் தட்டைத்தான் ஐயா நம்புறது?”

நம் பங்குகளில் இத்தகைய பெட்டி இல்லாத வீடு அரிது. ஆகவே அவருக்குச் சொன்ன விடையை, அங்கே சொல்ல நேரமில்லாமற் போனவற்றையும் சேர்த்து, வாசகர் அனைவர்க்கும் சொல்லத் துணிகிறோம்.

டெக் வாடகைக்கு எடுத்த காலம்

முதலில் கேசட்டுகள். ஜப்பானின் சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமாக்ஸ் என்னும் ஒளிநாடாவையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ். என்னும் ஒளிநாடாவையும் வெளியிட்டன. ஒன்றின் நாடா மற்றொன்றின் பெட்டிக்குள் நுழையவும் செய்யாது. பீட்டாவின் படம் தெளிவு கூடியது என்பார் பலர். ஆனால் வி.எச்.எஸ். நாடாவில் தொடக்கத்திலிருந்தே கூடுதல் நேரம் பதியலாம். அதனை ஆக்கிய நிறுவனங்களும் பல. வென்றது வி.எச்.எஸ். திருவிழா இரவுகளிலும் திருமண வீடுகளிலும் தொலைக்காட்சிப் பெட்டியையும் ‘டெக்’கையும் ஓரிரவு வாடகைக்கு எடுத்துவந்து, விடியும்வரை மூன்று படங்கள் பார்த்த தலைமுறையினர் இதனை நன்கறிவர். அந்தக் கறுப்புக் கேசட் வி.எச்.எஸ்.தான். வி.எச்.எஸ். பெட்டிகளை இறுதிவரை செய்துவந்த ஃபூனாய் என்னும் ஜப்பானிய நிறுவனம் 2016 ஜூலையில் அத்தொழிலை நிறுத்தியது.

பிறகு வந்தது வி.சி.டி. 1993இல் வகுக்கப்பட்ட இம்முறையை அமெரிக்கரும் ஐரோப்பியரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆசியக் கண்டமோ அதனை இரு கையாலும் அணைத்துக்கொண்டது. தகடும் மலிவு, பெட்டியும் மலிவு. அதனினும் முக்கியமாக, நம்மைப்போன்ற ஈரக்காற்று வீசும் நாடுகளில் நாடாவைப் பூஞ்சை தின்றுவிடும். தகட்டை அவ்வளவு எளிதில் தின்னாது. ஒரு தகட்டில் 74 நிமிடம் முதல் 80 நிமிடம் வரைதான் கொள்ளும் என்பதால், நம் இரண்டரை மணி நேரத் திரைப்படங்கள் இரண்டு மூன்று தகடுகளாக வந்தன. கதை சூடுபிடிக்கும் இடத்தில் எழுந்துபோய்த் தகடு மாற்றியதை எவர் மறப்பார்! திருட்டு வி.சி.டி. பெருகியதும் இக்காலத்தில்தான். அதனைத் தடுக்கும் பொருட்டுத் தமிழக அரசு 2004ஆம் ஆண்டில் குண்டர் தடுப்புச் சட்டத்திலேயே திருத்தம் செய்யவேண்டி வந்தது. பின்னர் 2007ஆம் ஆண்டளவில் மோசர் பேர் என்னும் இந்திய நிறுவனம், உரிமம் பெற்ற வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்று, நேர்வழியில் படம் பார்ப்பதும் ஏழைக்கு எட்டும் என்று காட்டியது. அந்நிறுவனமும் நிலைக்கவில்லை, 2018இல் அதனைக் கலைத்துத் தீர்க்க ஆணை பிறந்தது.

டி.வி.டி. 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் பிறப்பில் ஒரு செய்தி உண்டு. சோனியும் பிலிப்ஸும் ஒரு தகட்டையும், தோஷிபாவும் அமெரிக்க டைம் வார்னரும் வேறொரு தகட்டையும் வகுத்து மோதத் தயாராயிருந்தன. கணிப்பொறி நிறுவனங்கள், குறிப்பாக ஐ.பி.எம்., “இரண்டையும் ஏற்கமாட்டோம், ஒன்றாக வாருங்கள்” என்று வற்புறுத்தியதனால் 1995இல் இரு சாராரும் உடன்பட்டு ஒரே தகடாக்கினர். பத்தாண்டு கழித்து அதே இரு பிரிவினர் மீண்டும் மோதியபோது அவ்வாறு வற்புறுத்துவார் எவருமில்லை.

வலைக்கண்ணும் ஒளிக்கதிரும்

அந்தச் சண்டைக்குச் செல்லுமுன், இத்தகடுகள் யாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கையில் வேறுபாடு எங்கே என்று கேட்பவர்க்கு ஒரு சொல். எல்லாமே 12 சென்டிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உடையவை. எல்லாவற்றிலும் சுருள்வழியாக நுண்ணிய குழிகள் உண்டு. அவற்றின்மேல் லேசர் கதிர் விழுந்து திரும்புவதைக் கொண்டு பெட்டி படத்தையும் ஒலியையும் அறிகிறது.

வேறுபாடு கண்ணின் அளவில். வலையில் கண் பெரிதானால் பெருமீன் மட்டும் நிற்கும். கண் சிறிதானால் இறாலும் நிற்கும். லேசரின் அலைநீளமே இங்கே கண். வி.சி.டி.யைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர். சுருளின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 1.6 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒன்றரைப் பங்குக்குச் சற்று அதிகம். டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் செங்கதிர், இடைவெளி 0.74 மைக்ரான். கதிர் மெலிய மெலிய, அதே தகட்டில் அடங்கும் செய்தி பெருகும். வி.சி.டி.யின் ஒரு சட்டகத்தில் ஏறத்தாழ 1 லட்சம் புள்ளிகள், டி.வி.டி.யில் 4 லட்சம். பின்வந்த உயர்தெளிவுத் தகடுகளில் 20 லட்சம்.

அந்த 20 லட்சத்தை அடைய நீலக்கதிர் வேண்டியிருந்தது. நீல ஒளி தரும் குறைகடத்தியை ஆக்குவது நெடுங்காலம் எவர்க்கும் கைகூடவில்லை. ஜப்பானின் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவர் அதனைச் சாதித்தனர். நாகமுரா பணிபுரிந்த நிச்சியா, அந்நாளில் உலகம் அறியாத ஒரு சிறு வேதிப்பொருள் நிறுவனம். நீல ஒளி உமிழ் டையோடுக்காக மூவர்க்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வழியில் பிறந்த 405 நானோமீட்டர் ஊதாநீல லேசரே இரு போட்டித் தகடுகளுக்கும் அடிப்படை.

இருவரும் ஒரே கதிரைக் கொண்டு வேறு வேறு பாதையில் சென்றனர். தோஷிபாவின் எச்.டி. டி.வி.டி., பழைய டி.வி.டி.யின் அமைப்பையே பின்பற்றிச் செய்திப் படலத்தைத் தகட்டின் நடுவில், 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் வைத்தது. டி.வி.டி. அச்சிடும் எந்திரங்களைச் சிறிதே மாற்றினால் போதும், செலவு குறைவு. படலம் ஒன்றுக்கு 15 ஜிகாபைட், இரண்டுக்கு 30. சோனி தரப்பின் புளூ-ரே, படலத்தை மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்திற்குக் கொண்டுவந்தது. கதிர் அதனால் மேலும் கூராகக் குவிந்தது, வரியிடைவெளி 0.40 மைக்ரானுக்குப் பதில் 0.32 ஆயிற்று. படலம் ஒன்றுக்கு 25 ஜிகாபைட், இரண்டுக்கு 50. ஆனால் மேற்பரப்பிற்கு அவ்வளவு அருகில் இருந்தால் நகக்கீறலும் கேடு விளைக்குமே! முதலில் அதனைக் கேசட் போன்ற கூட்டுக்குள் வைத்தார்கள். பின்னர் டி.டி.கே. நிறுவனம் கண்டறிந்த கடினப் பூச்சு அக்கூட்டினைத் தேவையற்றதாக்கியது. இன்றும் கீறலை மிகுதியாகத் தாங்குவது புளூ-ரேதான் என்பதனைப் பெட்டியும் கையுமாக உழல்பவர்கள் அறிவார்கள்.

படத்தின் தெளிவில் எது மேல்? உண்மையைச் சொல்லப்போனால், இரண்டுக்கும் வேறுபாடு காண்பது அரிது. தொடக்கத்தில் வந்த புளூ-ரே தகடுகள் சில, பழைய சுருக்கமுறையைக் கையாண்டு மங்கலாகவே இருந்தன, எச்.டி. டி.வி.டி. முந்திக்கொண்டது. மேலும் எச்.டி. டி.வி.டி.க்கு நாட்டுப் பிரிவுப் பூட்டு இல்லை. புளூ-ரேக்கு உலகம் மூன்று பிரிவு. இந்தியா மூன்றாம் பிரிவிலும், வளைகுடா நாடுகள் இரண்டாம் பிரிவிலும், சிங்கப்பூரும் மலேசியாவும் முதற் பிரிவிலும் அடங்கும். மகன் துபாயிலிருந்து ஆசையோடு வாங்கியனுப்பும் திரைப்படத் தகடு நம் வீட்டுப் பெட்டியில் மறுக்கப்படுவதன் காரணம் இதுவாகவே இருக்கலாம். வீட்டில் நாமே பதிவுசெய்யும் தகட்டுக்கு இப்பூட்டு கிடையாது.

பாடு வைக்காத சண்டை

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை தலைமுறைகளாக வழங்கிவருகிறது. நல்ல மீன் படும் இடங்கள் சில. வலை போட விரும்புவோர் பலர். எனவே எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதனை முறைவைத்து வகுத்துக்கொள்கிறார்கள். அதற்குள் இடம் பெறாதோர்க்கு மனக்குறை உண்டென்பதும், அதனால் பிணக்குகள் எழுந்ததுண்டு என்பதும் மெய்யே. ஆயினும் நாள்தோறும் ஒரே துறையில் இருவர் வலையும் சிக்கி இருவர்க்கும் மீனில்லாமற் போகும் நிலையை அது தவிர்த்திருக்கிறது. இதனை நாம் சொல்லுங்கால், அருகில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “அவ்ளோ பெரிய கம்பெனிக்காரங்களுக்கு ஒரு பாடு வச்சுக்கத் தெரியலியா?” என்று கேட்டார். தெரியாமலில்லை. 2005ஆம் ஆண்டில் சோனியும் தோஷிபாவும் ஒரே தகடாக்கப் பேச்சு நடத்தின. எவர் படலம், 0.1 மில்லிமீட்டரா 0.6 மில்லிமீட்டரா என்பதிலேயே பேச்சு முறிந்தது.

பிறகு துறையில் இரண்டு வலையும் இறங்கின. எச்.டி. டி.வி.டி. 2006 மார்ச் இறுதியில் ஜப்பானிலும் ஏப்ரலில் அமெரிக்காவிலும் வந்தது. முதற்பெட்டி 499 டாலர். புளூ-ரே அதே ஜூனில் அமெரிக்காவில் வந்தது. முதற்பெட்டி ஏறத்தாழ ஆயிரம் டாலர். விலையைப் பார்த்தால் எவர் வெல்வார் என்பதில் ஐயமே இருந்திராது. ஆனால் சோனி ஒரு தந்திரம் செய்தது. 2006 நவம்பரில் வெளியிட்ட தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டிக்குள் புளூ-ரேயைப் பொருத்திவிட்டது. விளையாட்டுக்காக வாங்கிய பிள்ளைகள் வீட்டுக்கு வீடு புளூ-ரேயையும் கொண்டுபோனார்கள்.

இதனினும் பெரிய காரணம் திரைப்பட நிறுவனங்கள். எவ்வளவு நல்ல பெட்டியாயினும் போட்டுப் பார்க்கப் படம் வேண்டுமல்லவா? டிஸ்னியும் ஃபாக்ஸும் சோனியின் கொலம்பியாவும் புளூ-ரே பக்கம். யுனிவர்சல் எதிர்ப்பக்கம். பாரமவுண்ட் 2007 ஆகஸ்டில் புளூ-ரேயைக் கைவிட்டு எச்.டி. டி.வி.டி.யோடு மட்டும் சேர்ந்தது. அந்நவம்பரில் தோஷிபாவின் பெட்டி நூறு டாலருக்கும் கீழே விற்றது. நம்பி வாங்கினோர் பலர். எஞ்சியிருந்தது வார்னர் நிறுவனம்; அது இரண்டிலும் படம் வெளியிட்டுக்கொண்டிருந்தது. 2008 ஜனவரி 4 அன்று, இனிப் புளூ-ரே மட்டுமே என்று வார்னர் அறிவித்தது. அடுத்த மாதம் வால்மார்ட் முதலிய பெருங்கடைகள் விலகின. பிப்ரவரி 19 அன்று தோஷிபா தோல்வியை ஒப்புக்கொண்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறு ஆண்டே அந்நிறுவனம் புளூ-ரே பெட்டி செய்யத் தொடங்கியது என்பது வேடிக்கை. வேடிக்கை அவர்களுக்கு. மூன்று மாதத்திற்கு முன் கிறிஸ்துமஸ் பரிசாக அப்பெட்டியை வாங்கிய குடும்பத்திற்கு அன்று.

இந்தச் சண்டையில் பழவேற்காட்டில் எவரேனும் நட்டப்பட்டார்களா என்று விசாரித்தோம். ஒருவருமில்லை. காரணம் எளிது. எச்.டி. டி.வி.டி.யும் புளூ-ரேயும் பிறந்த அதே 2006இல்தான், செப்டம்பர் 15 அன்று, தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அப்பெட்டியின் திரை 14 அங்குலம். அதில் 20 லட்சம் புள்ளிகளைக் கொட்டினாலும் காட்ட இடமேது? அந்த 14 அங்குலத்திற்கு வி.சி.டி. பொருத்தமாகவே இருந்தது. அம்மையாரின் மகள் திருமணமும் அதனால்தான் வி.சி.டி.யில் பதிவாயிற்று. ஏழ்மை சில வேளைகளில் ஒரு கவசம் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்தபின் சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் தப்பியது அந்த ஒரு சண்டையிலிருந்து மட்டுமே.

வென்ற தகட்டின் இன்றைய நிலை

வென்ற புளூ-ரேயாவது நிலைத்ததா? படம் பார்ப்பதற்கு இன்றும் அதனை மிஞ்சியது இல்லை என்பதே நம் கருத்து. 2016இல் வந்த அதன் அடுத்த வகை, 80 லட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகளைக் காட்டுகிறது. இணையம்வழி வரும் படம் பெரும்பாலும் அதைவிட மிகுதியாகச் சுருக்கப்பட்டது. ஆனால் மக்கள் தெளிவைவிட எளிமையையே தேர்ந்தெடுத்தார்கள். சாம்சங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய பெட்டிகள் செய்வதைக் கைவிட்டது. எல்.ஜி. 2024 இறுதியில் விலகியது. வெற்று புளூ-ரே தகடுகள் செய்வதைச் சோனியே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. மற்றவர் சிலர் இன்னும் செய்கிறார்கள். எனினும் இறங்குமுகம் தெளிவு.

தகடு தானாகவும் கெடும். 2006க்கும் 2008க்கும் இடையில் அச்சிடப்பட்ட தன் டி.வி.டி.களில் சில படிக்கவொண்ணாமல் கெட்டுவருவதனை வார்னர் நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. ஆலையில் அச்சிட்ட தகட்டுக்கே இக்கதி. திருமண வீடியோக்காரர் கணிப்பொறியில் பதிந்து தருவது இன்னும் மென்மையானது. அதில் குழிகள் இல்லை; சாயப் படலத்தில் லேசர் சுட்ட தழும்புகளே உண்டு. வெயிலும் ஈரமும் சாயத்தை வெளிறச் செய்யும். ஓரத்தில் நுழையும் ஈரம் ஒளி திருப்பும் படலத்தை அரிக்கும். ஏரிக்கரை வீட்டில் இவை இரண்டுக்கும் குறைவில்லை.

இங்கே வீடியோக்காரர்களைப் பற்றி ஒரு சொல். “எச்.டி. வீடியோ” என்று கூடுதல் தொகை பெற்றுக்கொண்டு, இறுதியில் கையில் தருவது டி.வி.டி.யானால், கொடுத்த பணத்தின் பயன் பெரும்பாலும் போயிற்று என்று கொள்க. எடுத்தது 20 லட்சம் புள்ளிகளிலாயினும், டி.வி.டி.யில் தங்குவது 4 லட்சமே. நம் உறவினர் திருமணத்திலேயே இது நேர்ந்தது; கேட்டபோது மூலப்பதிவை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆகவே முன்பணம் தரும்போதே, மூலக் கோப்புகளைப் பென் டிரைவிலோ வன்தட்டிலோ தரவேண்டும் என்று பேசிக்கொள்வது நலம்.

பெட்டிக்குள் இருப்பதை என்ன செய்வது?

அம்மையார்க்கு நாம் சொன்ன விடை: புளூ-ரே பெட்டி வாங்கவேண்டா. வி.சி.டி.யில் இருப்பது 1 லட்சம் புள்ளிகள்தான். எந்தப் பெட்டியும் அதனை இருபது லட்சமாக்கித் தராது. கண்ணாடி போலத் தெரியும் என்பது விற்போர் வாய்ச்சொல். மேலும் புளூ-ரே பெட்டிகள் டி.வி.டி.யை ஓட்டும், வி.சி.டி.யை எல்லாப் பெட்டிகளும் ஓட்டுவதில்லை. வாங்கியே தீரவேண்டுமென்போர், விலை பேசுமுன் தம் பழைய தகட்டைப் போட்டுக்காட்டச் சொல்லட்டும்.

வாங்க வேண்டுவது ஒன்றுமில்லை. ஒரு மாலைப்பொழுதுக்கு இரவல் பெற வேண்டுவதே உண்டு. மடிக்கணினியில் கம்பிவழி இணைக்கும் டி.வி.டி. இயக்கி ஒன்று போதும். பங்கில் எவரிடமேனும் இருக்கும். தகட்டைத் திறந்தால் ‘எம்பெக்ஏவி’ என்னும் உறைக்குள் ‘டாட்’ என முடியும் பெரிய கோப்பு இருக்கும். படம் அதுதான். அதனைக் கணினிக்குள் நகலெடுத்தால், வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருள் அதனை ஓட்டும். டி.வி.டி.யாயின் ‘வீடியோ டி.எஸ்.’ என்னும் உறையை முழுமையாக நகலெடுக்க வேண்டும். நாம் சொல்வது நம் வீட்டு விழாக்களின் பதிவுகளைப் பற்றி மட்டுமே. விலைக்கு வாங்கிய திரைப்படத்தைப் படியெடுப்பது வேறு, அது சட்டத்திற்கு மாறானது.

நகல் ஒன்று போதாது. கணினி வன்தட்டில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வேறு ஊரிலுள்ள மகள் வீட்டிலோ மகன் வீட்டிலோ ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய கரையிது. ஒரே வீட்டில் மூன்று நகல் வைப்பதன் பொருத்தமின்மையை இவ்வூரார்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை. பென் டிரைவை ஆண்டுக்கொருமுறையேனும் செருகிப் பார்க்க வேண்டும். தொடாமல் விட்டால் அதுவும் மறக்கும். வசதியுள்ளோர், சாயமின்றி உலோகக் கலவைப் படலம் கொண்ட புளூ-ரே வெற்றுத் தகட்டில் ஒரு நகல் வைக்கலாம். சாயத் தகட்டைவிட அது உறுதியானது. அதனைப் படிக்கும் இயக்கி ஒன்றையும் கூடவே பாதுகாக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமென்பார் பிள்ளைகள். அது படத்தைச் சுருக்கிவிடும். ‘ஆவணம்’ என்று தேர்ந்து அனுப்பினால் சுருங்காது.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு வந்தோம். ஆனால் சொல்லியதோடு நிற்க முடியவில்லை. அடுத்த வாரமே மடிக்கணினியும் இரவல் இயக்கியுமாக மீண்டும் சென்றோம். முதல் தகடு தடையின்றி நகலாயிற்று. மூன்றாவதும் அவ்வாறே. வேண்டியது இரண்டாவது. அதன் பெயர்ப்பக்கத்தில் மணமக்கள் பெயரைப் பந்துமுனைப் பேனாவால் யாரோ அழுத்தி எழுதியிருந்தார்கள். வி.சி.டி.யில் செய்திப் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு நேர்கீழேதான் உள்ளது. பளபளக்கும் பக்கத்துக் கீறலைவிட இது கொடியது. நகல் பாதிக்குச் சற்று முன் நின்றுவிட்டது. நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோடாகத் துடைத்தோம் (வட்டமாகத் துடைத்தல் ஆகாது). மீண்டும் அதே இடத்தில் நின்றது. அம்மையார் எதுவும் பேசவில்லை. எழுந்துபோய் எங்களுக்குத் தேநீர் போட்டார்.

பக்கத்துத் தெருவில் கல்லூரியிற் படிக்கும் பிள்ளை ஒருவனிடம் பழைய மேசைக் கணினி இருந்தது. ஒரு பெட்டி மறுக்கும் தகட்டை மற்றொரு பெட்டி ஏற்பதுண்டு. அவன் அதனை மெதுவாகப் படிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் விட்டுவைத்தான். இருட்டிவிட்டது. சில நிமிடங்கள் கட்டங்கட்டமாக உடைந்து போயினும் பெரும்பகுதி வந்துவிட்டது.

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீடியோ விளக்கு கண்ணைக் கூசச் செய்ய, வெள்ளைச் சட்டையணிந்த ஒருவர் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு, ஒளிப்படக்காரரைப் பார்த்து, “என்னைய எதுக்குப்பா எடுக்குற, பொண்ணு மாப்பிள்ளைய எடு. நீயும் சாப்ட்டுட்டுப் போ, மறந்துடாத” என்கிறார். அவ்வளவே.

அம்மையார் அதனை மூன்று முறை ஓட்டச் சொன்னார். பிறகு, மகளுக்கு உடனே அனுப்ப முடியுமா என்று அந்தப் பிள்ளையைக் கேட்டார். அவன் ‘ஆவணம்’ என்பதைத் தேர்ந்து அனுப்பினான்.